வீதியும் விலங்கும்: நாட்டுப்புற வீதிகளில் வனவிலங்குகள் வாகனங்களில் மோதுண்டு இறத்தல் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையில் ஓடும் வண்டியொன்று விலங்கொன்றின்மீது ஏறியமை பற்றிய மிகப் பழைய எழுத்துச் செய்திகளுள் ஒன்று மகாவம்சத்தின் 21ஆம் அதிகாரத்திலே காணப்படுகின்றது. அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்தான் எனக் கூறப்படும் எல்லாளனின் மகன் திஸ்ஸ வாவியை நோக்கித் தேரிற் சென்றபோது, வழியிலே தாய்ப் பசுவோடு படுத்துக் கிடந்த கன்றின் கழுத்தின்மீது தேர்ச்சில்லு ஏறியது. அவன் அதனை அறிந்து செய்தானல்லன் என்பதையும் நூலாசிரியர் சொல்லத் தவறவில்லை. தாய்ப் பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் தன் மகனின் தலையை அதே சில்லினாலேயே துணிப்பித்தான். தமிழகத்திலே இக்கதை சோழனுக்கு உரியதாக வழங்கிற்று. சிலப்பதிகாரம் இதனைக் குறிப்பிடும். பெரியபுராணம் திருவாரூரிலே நிகழ்ந்ததாக விரித்துரைக்கும். எக்கதை எதற்கு மூலம் என்ற வினாவை வரலாற்றாசிரியர்க்கு விட்டுவிடலாம். எமது நோக்கத்துக்கு வேண்டுவது வேறொன்று. இக்கதையிலே இறந்தது வீட்டு விலங்கு. அதற்காக மணியை அசைக்க ஒரு தாய் இருந்தது; மணி கட்டிய அரண்மனையும் அருகில் இருந்தது. காட்டு விலங்குக்கு இவ்விரண்டும் இல்லை.

காட்டு உயிர் ஒன்றைக் காத்துத் தேர் செலுத்தியமை பற்றிய செய்தியும் எம் இலக்கியத்தில் உண்டு. நற்றிணையின் 11ஆம் பாடலில், உலோச்சனார் என்னும் புலவர், நிலவு விரிந்த இரவிலே கடற்கரை மணலிற் சில்லின் அருகே திரியும் நண்டுகளுக்கு ஊறு நேராதவாறு கடிவாளத்தை நிதானித்துத் தேரைச் செலுத்தி வரும் பாகனைக் காட்டுகின்றார். தலைவன் வருவான் என்று தோழி தலைவியைத் தேற்றும் இடம் அது. நண்டு அங்கே வெறும் பின்னணியே. ஆயினும் அப்பின்னணியினுள் இரவு, வெளிச்சம், வேகம் என்னும் மூன்றும் அடங்கியுள்ளன. இன்று உலகெங்கும் இத்துறையில் ஆராய்வோர் அளந்து பார்ப்பனவும் இம்மூன்றையுமே என்பது நோக்கற்பாலது.

மோட்டார் வாகனம் தோன்றிச் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே இச்சிக்கல் அறிஞர் கவனத்துக்கு வந்துவிட்டது. 1924ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விலங்கியல் அறிஞரான டேட்டன் ஸ்டோனரும் அவர் மனைவி லிலியனும் 632 மைல் தூரம் காரிற் போய்த் திரும்பினர். வழியிற் கண்ட இறந்த விலங்குகளை அவர்கள் எண்ணினர். 29 இனங்களைச் சேர்ந்த 225 உடல்கள் தேறின. அடுத்த ஆண்டில் அக்கணக்கு ‘சயன்ஸ்’ என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. மோட்டார் வாகனம் மனித உயிருக்கு மட்டுமன்றி விலங்குயிருக்கும் எமனாகின்றது என்பதனை எண்களால் நிறுவிய முன்னோடிக் கட்டுரைகளுள் அது ஒன்று. வீதிக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பு இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. எனினும் அதன் அடிப்படை முறை மாறவில்லை. ஒருவர் வீதி வழியே செல்ல வேண்டும், கண்டதை எழுத வேண்டும், அவ்வளவே.

பேராதனையில் வாழ்வோர்க்கு இதனைக் காண நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பல்கலைக்கழக வளாகத்தினூடே கலஹா வீதி செல்கின்றது. அதன் ஒரு புறம் மகாவலி கங்கை, மறு புறம் ஹந்தானை மலைத்தொடர். ஆற்றங்கரையிலிருந்து மலைச்சரிவுக்கும், சரிவிலிருந்து ஆற்றுக்கும் போய்வரும் உயிர் எதுவாயினும் வீதியைக் கடந்தே ஆகவேண்டும். செங்குரங்குகள் பகலிலே கூட்டமாகக் கடக்கின்றன. கபரக்கொய்யா தன் உடலை இழுத்துக்கொண்டு அவசரமின்றிக் கடக்கின்றது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரநாயும் இரவுக்கு உரியவை. 2010ஆம் ஆண்டிலே ஹந்தானை சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் பிரகடனத்தின் எல்லைக்கோட்டை விலங்கு அறியாது. கண்டி நகரின் நடுவே அமைந்த உடவத்தகலையின் நிலையும் இதுவே. அது 1856இல் ஒதுக்குக்காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. இன்றோ நாற்புறமும் வீடுகளும் வீதிகளும் சூழ்ந்த ஒரு தீவாகிவிட்டது. தீவிலிருந்து வெளியேற முயலும் உயிர் முதலிற் சந்திப்பது தார் வீதியையே.

விலங்குகள் வீதியைக் கடப்பதற்கு மட்டுமே அங்கு வருகின்றன என எண்ணுதல் தவறாகும். வீதி அவற்றைத் தானே அழைக்கவும் செய்கின்றது. பகலெல்லாம் வெயில் குடித்த தார் மாலை மங்கிய பின்னரும் நெடுநேரம் சூடாக இருக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பாம்புக்கு அது நல்ல படுக்கை. மழை பெய்து ஓய்ந்த இரவுகளிலே தேரைகளும் தவளைகளும் இனப்பெருக்கத்தின்பொருட்டு நீர்நிலைகளை நாடிப் புறப்படும். அவற்றை உண்பனவும் பின்தொடரும். வீதியோரத்திற் புல் இளமையாக இருப்பதால் முயலும் மானும் மேய வரும். உலர்வலயத்திலே அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியிற் பரப்பிக் காயவிடும் வழக்கம் எம்மவர் அனைவரும் அறிந்ததே. சிந்திய நெல்லுக்குப் புறாவும் எலியும் வருகின்றன. எலிக்குப் பாம்பும் ஆந்தையும் வருகின்றன. இவற்றுள் ஒன்று அடிபட்டு வீழ்ந்தால் அதனைத் தின்னக் காகமும் நரியும் கீரியும் வருகின்றன. அவற்றுட் சில அங்கேயே மடிகின்றன. ஒரு சாவு மற்றொரு சாவுக்கு இரையாக அமையும் இச்சங்கிலியை விளங்கிக்கொண்டால், சில வளைவுகளிலும் பாலங்களிலும் மட்டும் திரும்பத் திரும்ப உடல்கள் கிடப்பதன் காரணம் புலப்படும்.

இனி, வாகனத்தைக் கண்டும் விலங்கு ஓடாமல் நிற்பது ஏன் என்பது ஆராயத்தக்கது. இரவில் நடமாடும் பாலூட்டிகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. விழித்திரையை ஒருமுறை கடந்த ஒளியை அது மீளவும் விழித்திரைக்குள் அனுப்புவதால், மங்கிய நிலவிலும் அவற்றுக்குப் பார்வை கூர்மையாக இருக்கின்றது. வாகன விளக்கில் அவற்றின் கண்கள் தணல்போல மின்னுவதும் இதனாலேயே. ஆனால் இருளுக்குப் பழகிய அக்கண்ணிற் கடும் ஒளி திடீரெனப் பாயும்போது விலங்கு கணநேரம் குருடாகின்றது. எப்பக்கம் ஓடுவதெனத் தெரியாமல் நின்றுவிடுகின்றது. அன்றியும், விலங்கினங்களின் தப்பும் முறைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் புலி, நரி, பருந்து ஆகியவற்றுக்கு எதிராக அமைந்தவை. முள்ளம்பன்றி முள்ளை விரித்துப் பின்னோக்கி நிற்கும். அழுங்கு பந்துபோற் சுருண்டுகொள்ளும். ஆமை ஓட்டினுள் ஒடுங்கும். முயல் குறுக்கும் மறுக்குமாகப் பாயும். சிறுத்தையிடமிருந்து உயிரைக் காத்த இந்த உபாயங்கள் லொறியின் முன்னே சாவுக்குக் காரணமாகின்றன.

சாரதிகள் சிறப்பாக அறிந்துகொள்ளவேண்டிய ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பன்றியினத்துக்கு மேற்கூறிய ஒளிதிருப்பும் படலம் இல்லை. ஆதலால் காட்டுப்பன்றியின் கண் விளக்கொளியில் மின்னாது. உடலும் கருமை, உயரமும் குறைவு, ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக ஓடும் இயல்பும் உண்டு. மின்னும் கண்ணை எதிர்பார்த்து ஓட்டுபவர் காட்டுப்பன்றியைக் காண்பது மிகப் பிந்தியே. யானையின் நிலை வேறு. அதன் கண், தாழ்த்திய விளக்கின் ஒளிக்கற்றைக்கு மேலே நிற்கின்றது. சேறும் புழுதியும் படிந்த அதன் தோல் ஒளியைத் திருப்பித் தருவதில்லை. வீதியின் நடுவே நிற்கும் யானை, இருளின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

வேகம் பற்றிய கணக்கு எளியது. ஆனால் அதனைச் செய்து பார்ப்போர் சிலரே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் நகர்கின்றது. விலங்கைக் கண்டு, உணர்ந்து, காலைத் தடுப்புமிதியில் வைக்க ஒன்றரை விநாடி செல்லும் எனக் கொண்டால், அதற்குள்ளேயே 25 மீற்றர் கழிந்துவிடும். உலர்ந்த வீதியில் நல்ல தடுப்புடன் வண்டி நிற்க மேலும் 20 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீற்றர். வேகம் 80 ஆயின், இத்தொகை 68 மீற்றராக உயரும். தடுப்புக்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதே இதற்குக் காரணம். மழை நனைத்த வீதியிலோ 60க்கு 60 மீற்றரும் 80க்கு 95 மீற்றரும் வேண்டியிருக்கும். தாழ்த்திய விளக்கு வீதியைத் தெளிவாகக் காட்டும் தூரம் 40 முதல் 60 மீற்றர் வரையே. எனவே, மழையிரவில் 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர் தாம் காணாத வெளியினுள்ளே வண்டியைச் செலுத்துகின்றார். அவர் எவ்வளவு திறமைசாலியாயினும் பயன் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், நனைந்த வீதியிலும் 32 மீற்றரில் நின்றுவிடலாம். நண்டைக் காத்த பாகனுக்கும் இதற்கு மேலான இரகசியம் ஏதும் தெரிந்திருக்கவில்லை.

எம் மாணவருட் பலர் விடுமுறைக் காலங்களில் வடக்கே செல்வதும் இரவுப் பயணமாகவே அமைகின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். மாத்தளையையும் தம்புள்ளையையும் கடந்தால் அது உலர்வலயக் காட்டுப் பரப்பினுள் நுழைகின்றது. மகிந்த தேரரைச் சந்தித்த வேளையில் தேவநம்பிய தீசன் மான் வேட்டையாடிக்கொண்டிருந்ததாக மகாவம்சம் கூறும் மிகிந்தலை மலைக்கு அருகாக வீதி செல்கின்றது. வவுனியாவுக்கு அப்பால் மாங்குளம், கிளிநொச்சி வரை இருமருங்கும் காடு தொடர்கின்றது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் இவ்வீதி அகலமாக்கப்பட்டுக் ‘காப்பெட்’ வீதியாக்கப்பட்டது. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதியில் வாகனம் வேகமாகச் செல்ல இயலாது. அக்குழிகளே விலங்குகளுக்குக் காவலாக இருந்தன எனின் மிகையன்று. இதனாற் குழிகளே நல்லவை என்று நாம் வாதிடவில்லை. நோயாளியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் தாய்க்கு நல்ல வீதி வேண்டும். வேகம் கூடும்போது அதனோடு கூடி வரும் விளைவையும் திட்டமிடுவோர் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. மன்னாரில் இச்சிக்கல் வேறொரு வடிவம் பெறுகின்றது. அங்கே கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் இரவில் வீதியிலேயே நிற்கும். வாகனங்களில் அடிபட்டுக் கால் முறிந்தவற்றைப் பராமரிக்கத் தனியாக மருத்துவ நிலையமே அமைக்க நேர்ந்தது. அவை வனவிலங்குகள் அல்ல எனினும், உரியவர் இல்லாத விலங்கு என்ற அளவில் அவற்றின் நிலையும் இதுவே.

யானை பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. மரதன்கடவலையிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புப் பக்கம் செல்லும் ஏ11 வீதி, 1997இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட மின்னேரியாவை அடுத்துச் செல்கின்றது. வடக்கே 2002இற் பூங்காவாக்கப்பட்ட கவுடுல்லையும், ஹுருலு ஒதுக்குக்காடும் உள்ளன. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே மின்னேரியா வாவி வற்றி அதன் படுகையிற் புல் முளைக்கும்போது, சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் அங்குக் கூடும். அவ்வாறு கூடுவன வீதியைக் கடந்தே வருகின்றன. வாவியைப் பண்டைய மன்னர் கட்டினர். வீதியைப் பிற்காலத்தார் போட்டனர். யானையின் வழி இரண்டுக்கும் முந்தியது. இரும்புப் பாதையின் நிலை இன்னும் கொடியது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி விடியுமுன், கொழும்பு–மட்டக்களப்புப் பாதையிலே மின்னேரியாப் பக்கத்தில் பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்தின்மீது மோதித் தடம் புரண்டது. குறைந்தது ஆறு யானைகள் மடிந்தன. பயணிகள் உயிர் தப்பினர். காரை ஓட்டுபவர் 45 மீற்றரில் நிறுத்தலாம்; புகையிரதத்துக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும்; விலகிச் செல்லவும் அதற்கு வழி இல்லை. அங்கே வேகக் கட்டுப்பாட்டைத் தவிரச் சாரதியின் கையில் வேறெதுவும் இல்லை.

புத்தளை–கதிர்காம வீதியிலே வேறொரு வகைக் கேடு தோன்றியுள்ளது. யாத்திரிகர் வாழைப்பழமும் கரும்பும் கொடுத்துப் பழக்கியதால், யானைகள் வாகனங்களை மறித்து நின்று உணவு கேட்கத் தொடங்கின. அன்பினாற் செய்யப்பட்ட செயல்தான். ஆயினும் அதன் பயன், வீதியைக் கண்டு விலக வேண்டிய விலங்கு வீதியை நாடி வருவது. உணவு கிடையாதபோது அது யன்னலுக்குள் துதிக்கையை நுழைக்கும். அதன் பின் விளைவது யானைக்கும் நன்றன்று, மனிதருக்கும் நன்றன்று. வளாகத்திலே குரங்குகளுக்குப் பாணும் பிஸ்கற்றும் வீசுவோரும் சிறிய அளவில் இதனையே செய்கின்றனர்.

பெரிய விலங்கு இறந்தாற் செய்தித்தாளில் வரும். சிறியவற்றை எண்ணுவார் யார்? கிழக்கே நில்கலையின் சவன்னாக் காட்டினூடே செல்லும் வீதியில் ஊர்வனவும் ஈரூடகவாழிகளும் மடிவது பற்றி இலங்கை ஆய்வாளர் சிலர் செய்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. தமிழகத்திலே ஆனைமலை பற்றி 2001இலும், முதுமலை பற்றி 2010இலும் இத்தகைய ஆய்வுகள் வெளிவந்தன. இவ்வகைக் கணக்குகள் யாவும் உண்மைத் தொகையிலும் குறைந்தவையே என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். தவளையின் உடல் சில மணி நேரத்திலே சில்லுகளில் ஒட்டி மறைந்துவிடும். காகமும் நாயும் விடியுமுன் பலவற்றை எடுத்துச் செல்லும். அடிபட்ட விலங்கு புதருக்குள் ஊர்ந்து சென்று அங்கே இறப்பதும் உண்டு. காரிற் சென்று எண்ணுபவரிலும் நடந்து சென்று எண்ணுபவர் பன்மடங்கு காண்பார். இலங்கையின் தவளையினங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை; அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. அவற்றுட் சில மலைச்சரிவொன்றின் சில சதுர மைல் பரப்பில் மட்டுமே வாழ்கின்றன. அச்சரிவைக் குறுக்கறுத்து ஒரு வீதி செல்லுமாயின், அதன் விளைவை எலியின் இறப்போடு ஒப்பிட இயலாது.

எத்தனை இறந்தன என்பதிலும் எவை இறந்தன என்பதே முக்கியமானது. எலி ஆண்டில் பலமுறை குட்டியீனும்; இழப்பை விரைவில் ஈடுசெய்யும். பெண்யானை 22 மாதம் சூல்கொண்டு ஒரு கன்றை ஈனும். அடுத்ததற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆமை முதிர்ச்சியடையவே நெடுங்காலம் பிடிக்கும். இலங்கையின் காட்டுப் பூனையினங்கள் நான்கு. சிறுத்தை, கொடுப்புலி எனப்படும் மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரும்பன் பூனை என்பன அவை. இவற்றுள் மீன்பிடிப் பூனை சதுப்பு நிலத்தையும் வாய்க்காலையும் ஒட்டி வாழ்வது. அவ்விடங்களை ஊடறுத்தே எம் வீதிகளும் செல்வதால் அது அடிக்கடி வாகனங்களுக்குப் பலியாகின்றது. உடலைக் கண்டவர் சிறுத்தைக் குட்டி என மயங்குவதும் உண்டு. பருவமடைந்த ஆண் விலங்குகளே புதிய இடம் தேடி நெடுந்தூரம் அலைவன. அவை வீதியில் மடியும்போது, ஒரு காட்டின் இரத்தம் மற்றொரு காட்டோடு கலக்கும் வழியும் அடைபடுகின்றது. இந்த இழப்பை வீதியோரத்திற் கிடக்கும் உடல்களை எண்ணி அறிய முடியாது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், விபத்தின்போது சாரதி நிறுத்தி விவரம் தெரிவிக்கவேண்டிய விலங்குகளாகக் குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, நாய் என்பவற்றை மட்டுமே வகுத்துள்ளது. எல்லாம் உடைமைகள். பூனையும் இல்லை, மானும் இல்லை. எல்லாளன் கதையிலே நாம் கண்ட வேறுபாடு இங்கும் தொடர்கின்றது என்க. இலங்கையிலே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வனவிலங்குக்கு வேறொரு தகுதியை அளித்தது. அதனை நடைமுறைப்படுத்தும் வனசீவராசிகள் திணைக்களம் 1949இல் நிறுவப்பட்டது. பலமுறை திருத்தப்பட்ட இச்சட்டம் 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் அதன் நாட்டம் முதன்மையாக வேட்டை, பொறி, கடத்தல் ஆகியவற்றின் மீதே. கொல்லும் எண்ணமின்றி, விரைந்து வீடு சேரவேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் செல்பவனை எச்சட்டமும் எளிதிற் பிடிப்பதில்லை.

ஆதலால் தீர்வை வீதியின் அமைப்பிலேயே தேடவேண்டியுள்ளது. எல்லோரும் முதலில் நினைப்பது எச்சரிக்கைப் பலகை. யானைப் படம் வரைந்த மஞ்சட் பலகையைக் கண்டு வேகத்தைக் குறைப்பவர் முதல் முறை செல்பவரே. நாள்தோறும் செல்பவருக்கு அது மரத்தோடு மரமாகிவிடும். அடுத்தது இரவுத் தடை. கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டினூடே கோழிக்கோட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறு ஆண்டில் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. சத்தியமங்கலத்தை அடுத்து 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 பெப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. இரவு அமைதியாயிற்று. ஆனால் வயநாட்டு மக்களும் தாளவாடி மக்களும் தெருவில் இறங்கிப் போராடினர். காய்கறி லொறி காத்து நிற்கின்றது. தொழிலாளி சுற்றுவழி போகின்றான். அவர்களின் முறைப்பாட்டை வெறும் சுயநலம் எனத் தள்ளுதல் நகரத்தில் இருப்போர்க்கு எளிது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவு முழுதும் மரக்கறி லொறிகள் வந்துபோகின்றன. விடிந்த பின்னரே புறப்படுக என்று அவற்றுக்குக் கட்டளையிட்டாற் கொழும்புச் சந்தையிலும் விவசாயியின் பையிலும் அதன் விளைவு தெரியும். எமது நாட்டின் பெரு வீதிகளுக்கு முழு இரவுத் தடை பொருந்தாது என்றே கருதுகின்றோம். காட்டினூடே செல்லும் சில மைல்களுக்கு மட்டும் இரவு வேகத்தை 40ஆகக் குறைத்து, மேட்டுத் தடைகளாலும் பொலிஸாரின் கண்காணிப்பாலும் அதனை உறுதிசெய்வது இயலக்கூடியது. பத்து கிலோமீற்றர் தூரத்தை 70க்குப் பதிலாக 40இற் கடந்தால் சாரதி இழப்பது ஆறேழு நிமிடமே.

விலங்குக்குத் தனி வழி அமைப்பது செலவு மிக்கது. ஆயினும் பயன் மிக்கது. கனடாவின் பான்ஃப் தேசிய பூங்காவிலே நெடுஞ்சாலைக்கு மேலும் கீழும் கடவைகள் அமைத்து, இருமருங்கும் வேலியிட்ட பின்னர் மோதல்கள் நூற்றுக்கு 80க்கு மேற் குறைந்தன. இந்தியாவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடறுக்கும் 44ஆம் இலக்கத் தேசிய நெடுஞ்சாலையில் ஒன்பது கீழ்வழிகள் அமைக்கப்பட்டன. புலிகளும் அவற்றைப் பயன்படுத்துவது தானியங்கி நிழற்படக் கருவிகளிற் பதிவாகியுள்ளது. விலங்கைக் கடவையை நோக்கி நடத்திச் செல்வது வேலியே. வேலியற்ற பாலம் பெரும்பாலும் வெறும் காட்சிப் பொருளாகிவிடும். எல்லாக் கடவைகளும் கோடிக்கணக்கிற் செலவு பிடிப்பனவும் அல்ல. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில், வீதிக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களிற் சிங்கவால் குரங்குகள் கடந்து செல்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினரும் வனத்துறையினரும் செய்த இவ்வேலைக்கு வேண்டியவை சில மரங்களும் உறுதியான பட்டைகளுமே. கலஹா வீதியின் இருமருங்கும் பழைய மரங்கள் நிற்கும்வரை இங்கும் அது இயலும். மரக்கிளைகள் வீதிக்கு மேலே கைகோத்து நிற்குமிடத்துப் பாலமும் வேண்டியதில்லை. கிளையை வெட்டாதிருந்தாற் போதும். வீதிக்குக் கீழே மழைநீருக்காக இடும் மதகைச் சற்று அகலமாக்கி, ஓரத்தில் நனையாத திட்டொன்று விட்டால், மரநாயும் மீன்பிடிப் பூனையும் உடும்பும் அதனூடே செல்லும். புதிதாக வீதி போடும்போதே இதனைச் செய்தாற் செலவு சொற்பம்.

இறுதியாக, சாரதி அறியவேண்டிய சிலவற்றைக் கூறுவோம். இலங்கையிற் பதிவான வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். காரில் அடிபட்டால் விலங்கு மட்டும் சாகலாம். மோட்டார் சைக்கிளின் குறுக்கே பன்றியோ மயிலோ பாய்ந்தால் ஓட்டுபவரும் சாகலாம். சிறு விலங்கைக் காக்க எண்ணிச் சட்டென வெட்டி ஒடிப்பதனாலேயே வாகனங்கள் மரத்திலும் எதிர்வரும் வண்டியிலும் மோதுகின்றன. நேராகப் பிடித்துத் தடுப்பை அழுத்துவதே பொருத்தமானது. ஒன்று கடந்தால் அடுத்தது வரும் எனக் கொள்ளல் வேண்டும். அந்தியும் வைகறையும் மழை ஓய்ந்த இரவும் மிகுந்த கவனத்துக்கு உரியன. யானையைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்துதல் நன்று. ஊதுகுழலை ஒலிப்பதும் விளக்கை மின்னச் செய்வதும் முந்திச் செல்ல முனைவதும் அதனைச் சினமூட்டும்.

அடிபட்ட விலங்கு உயிரோடு கிடந்தால், வெறுங்கையால் தொடலாகாது. வலியால் அது கடிக்கும். கீரி, மரநாய், நரி முதலியவற்றில் விசர்நோயும் இருக்கக்கூடும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். இறந்துவிட்டதாயின், பின்னால் வாகனம் வாராமையை உறுதிசெய்துகொண்டு, ஒரு தடியாலோ சாக்காலோ உடலை வீதியிலிருந்து அகற்றிச் சில அடி தள்ளிப் புல்லிலே இடுதல் நன்று. அதனைத் தின்ன வரும் காகமும் நரியும் அங்கே அச்சமின்றித் தின்னும்.